சீட்டுப் பணம் 4 லட்சம்: ஸ்மால் கேப் ஃபண்டில் இப்பவே போடலாமா, இறங்கட்டும்னு காத்திருக்கணுமா?

ஓசூர்_லேப் கேட்டது (2025 செப்டம்பர்)

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல டெக்னீஷியனா இருக்கேன். வீட்டுக்காரர் ஒரு வார்ப்பு யூனிட்ல சூப்பர்வைசர். ஏலச்சீட்டு முடிஞ்சு போன வாரம் 4 லட்சம் கைக்கு வந்தது. அதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷமா ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட்ல (பெருசு, சின்னதுன்னு எல்லாக் கம்பெனி ஷேர்லயும் போடற ஃபண்ட்) மாசம் 3,000 எஸ்ஐபி, அதாவது மாசத் தவணையா, போயிட்டிருக்கு. அவசரத்துக்குன்னு பேங்க்ல ஒன்றரை லட்சம் எஃப்டி. மாசச் செலவு 35,000 ஆகுது. கடன் எதுவும் இல்ல. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா.

இந்த 4 லட்சத்துக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்றாங்க. பெங்களூர்ல இருக்கிற கொழுந்தனார் போன்ல ஒரு ஸ்மால் கேப் ஃபண்டை (சின்ன கம்பெனி ஷேருங்கள்ல போடற மியூச்சுவல் ஃபண்ட்) காட்டி, அஞ்சு வருஷமா வருஷத்துக்கு 30 சதவீதத்துக்குக் கிட்ட வந்திருக்கு, மொத்தத்தையும் இதுலயே போடுங்க அண்ணின்னு சொல்றார். எங்க லேப் டாக்டர், மார்க்கெட் இன்னும் இறங்கும், அதுவரைக்கும் பணத்தைத் தொடாதேங்கிறார். வீட்டுக்காரருக்கு வேற எண்ணம். அவங்க கம்பெனிக்கு மெஷின் பாகம் சப்ளை பண்ற ஒரு சின்ன கம்பெனி ஷேர் மார்க்கெட்ல இருக்காம். ஆர்டர் நிறைய வருதுன்னு அவருக்கு நேராவே தெரியும், அதுல ஒரு லட்சம் போடலாமாங்கிறார்.

எது சரியான நேரம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? உண்மையா அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பிஇ_பார்வை

மேடம், நேரம் பார்க்க ஒரு வழி இருக்கு. என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்துல நிஃப்டி ஸ்மால்கேப் 250ங்கிற, 250 சின்ன கம்பெனி விலையைச் சேர்த்துக் காட்டற இண்டெக்ஸோட பிஇ, அதாவது கம்பெனி லாபத்தைப் போல விலை எத்தனை மடங்குங்கிறதை, தினமும் போடறாங்க. பல வருஷச் சராசரியை விடக் கீழே இருந்தா வாங்குங்க, மேலே இருந்தா விலகி இருங்க. நான் அப்படித்தான் செய்றேன். கூடவே ஸ்மால்கேப் இண்டெக்ஸை, 50 பெரிய கம்பெனிங்களோட இண்டெக்ஸான நிஃப்டி 50 ஆல வகுத்துப் பார்ப்பேன். அந்த விகிதம் ரொம்ப ஏறியிருந்தா சின்ன கம்பெனிங்க பெரிய கம்பெனிங்களை விட அளவுக்கு மீறி ஓடிருச்சுன்னு அர்த்தம். 2018 ஜனவரியில அப்படித்தான் இருந்தது.

உங்க கொழுந்தனார் காட்டின 30 சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க. இன்னைக்கு அஞ்சு வருஷம் பின்னால போனா 2020 செப்டம்பர். கொரோனா வீழ்ச்சியில இருந்து மார்க்கெட் எழுந்துக்கிட்டிருந்த காலம் அது. பள்ளத்துல இருந்து அளந்தா எந்த மேடும் உயரமாத்தான் தெரியும். இதே அஞ்சு வருஷக் கணக்கை 2020 மார்ச் கடைசியில போட்டிருந்தா, மும்பைப் பங்குச் சந்தையோட பிஎஸ்இ ஸ்மால்கேப் இண்டெக்ஸ் 2015 மார்ச்சுல இருந்ததை விடக் கீழே நின்னுச்சு. அன்னைக்கு இந்த ஃபண்டை யாரும் போன்ல எடுத்துக் காட்டியிருக்க மாட்டாங்க.

ஈரோட்டு_ஃபோலியோ

வணக்கங்க தங்கச்சி. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ஈரோட்டுல ஒரு மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல வேலை செய்யறேன். நீங்க ரெகுலர் பிளான்ல (ஏஜெண்ட் வழியாப் போடறது) போட்டா எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கமிஷன் வரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டே நான் சொல்றதை எடை போடுங்க. 2007ல இருந்து இந்த மேசையில உட்கார்ந்திருக்கேன். யார் எப்போ பணம் போட ஃபார்ம் கேக்கறாங்க, யார் எப்போ எடுக்க ஓடி வர்றாங்கங்கிறது எல்லாம் என் கை வழியாத்தான் போகுது.

பிஇ_பார்வை சார் சொன்ன அஞ்சு வருஷக் கணக்கு ரொம்பச் சரிங்க. ஆனா பிஇ வெச்சு ஸ்மால் கேப்புக்கு நேரம் பார்க்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. 2021 மார்ச் வரைக்கும் என்எஸ்இ தனிக் கம்பெனி லாபத்தை வெச்சு பிஇ போட்டாங்க. அதுக்கப்புறம் துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபத்துக்கு மாறினாங்க. அதனால பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே சராசரியில வெச்சுப் பார்க்க முடியாது. அதை விடப் பெரிய சிக்கல், சின்ன கம்பெனிங்களுக்குக் கெட்ட காலத்துல லாபமே சுருங்கிப் போயிடும். பலபேர் நஷ்டம் காட்டுவாங்க. விலை கீழே விழுந்திருக்கும், பிஇ மட்டும் வீங்கிக் கிடக்கும். வாங்க வேண்டிய நேரத்துல வாங்காதேன்னு சொல்ற அளவுகோலா அது ஆயிடுது.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். சரியான நேரம் முன்கூட்டியே தெரியுமா? என்னை விட, நம்ம எல்லாரையும் விட அதிகம் தெரிஞ்சவங்க அந்த ஃபண்டை நடத்தறவங்கதான். அவங்களே ரெண்டு தடவை கதவைச் சாத்தியிருக்காங்க. என்ன ஆச்சுன்னு பாருங்க.

2017 பிப்ரவரியில டிஎஸ்பிங்கிற ஃபண்ட் கம்பெனி அவங்களோட மைக்ரோ கேப் ஃபண்டுல (ரொம்பச் சின்ன கம்பெனிங்கள்ல போடறது) புதுப் பணமே வேண்டாம்னு நிறுத்தினாங்க, எஸ்ஐபி உட்பட. வாங்கற விலையில நல்ல சின்ன கம்பெனி கிடைக்கலைங்கிற நிலை. ஆனா அந்த வருஷம் பிஎஸ்இ ஸ்மால்கேப் இண்டெக்ஸ் 60 சதவீதத்துக்குக் கிட்ட ஏறுச்சு. நிறுத்தினது தப்புன்னு ஊரே பேசுச்சு. 2018 ஜனவரியில இண்டெக்ஸ் 20,000ஐத் தாண்டி உச்சம் தொட்டுது. அதுக்கப்புறம் அந்த வருஷ பட்ஜெட்டுல நீண்டகால லாபத்துக்கு வரி, செப்டம்பர்ல ஐஎல்&எஃப்எஸ்ங்கிற பெரிய ஃபைனான்ஸ் கம்பெனி கடனைக் கட்ட முடியாம விழுந்தது, கடைசியா கொரோனா. 2020 மார்ச் 24ல 8,600 கிட்ட வந்து நின்னுச்சு. 2017 பிப்ரவரி விலையை விட ரொம்பக் கீழே. கதவைச் சாத்தினவங்க சொன்னது சரிதான், ஆனா ஒரு வருஷம் முன்கூட்டியே சொல்லிட்டாங்க.

அடுத்தது 2023 ஜூலை. நிப்பான், டாடா ஃபண்ட் கம்பெனிங்க ஸ்மால் கேப் ஃபண்டுல ஒரே தடவையா மொத்தத் தொகை வாங்கறதை நிறுத்தினாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் ஸ்மால் கேப் ஃபண்டுங்களுக்கு 40,000 கோடிக்கு மேல பணம் வந்து கொட்டுச்சு. 2024 மார்ச்சுல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட அப்போதைய தலைவரே இந்தப் பகுதியில நுரை (விலை அளவுக்கு மீறி ஏறினது) தெரியுதுன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. அடுத்த ரெண்டு நாளுக்குள்ள இண்டெக்ஸ் ஒரே நாள்ல 5 சதவீதம் விழுந்துச்சு. அந்த மாசம் ரெண்டரை வருஷத்துல முதல் தடவையா ஸ்மால் கேப் ஃபண்டுங்கள்ல வந்ததை விட வெளியே போனது அதிகம். அப்புறம் என்ன ஆச்சு? இண்டெக்ஸ் திரும்ப ஏறி 2024 கடைசி வரைக்கும் புது உச்சம் பார்த்துச்சு. 2025 பிப்ரவரி, மார்ச்சுல நல்லா இறங்குச்சுதான். ஆனா அந்த அடிமட்டம்கூட 2023 ஜூலை விலையை விட ரொம்ப மேல. 2023ல எச்சரிக்கையைக் கேட்டு, இறங்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தவங்க இன்னைக்கு வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

அடையாளம் ரெண்டு தடவையும் ஒண்ணுதான், முடிவுதான் நேரெதிர். உங்க லேப் டாக்டர் சொல்ற மாதிரி இன்னும் இறங்கலாம். இறங்காமலும் போகலாம். அதை வெச்சு 4 லட்சத்தை முடிவு பண்ண முடியாதுங்க.

நான் முதல்ல கேக்கறது வேற. இந்தப் பணம் உங்களுக்கு எப்போ வேணும்? மார்க்கெட் தேதி நம்ம கையில இல்ல, இந்தத் தேதி நம்ம கையில இருக்கு. பொண்ணு ஒன்பதாவது. நாலு வருஷத்துல காலேஜ். நாலு வருஷத்துல வேணுங்கிற பணத்துக்கு ஸ்மால் கேப் இடமே இல்ல, மார்க்கெட் மேல இருந்தாலும் சரி, கீழ இருந்தாலும் சரி. 2008 ஜனவரியில பிஎஸ்இ ஸ்மால்கேப் 14,000க்கு மேல இருந்துச்சு. அடுத்த வருஷம் மார்ச்சுல 3,000க்குக் கீழ. அஞ்சு லட்சம் போட்டிருந்தா ஒரு லட்சம். அந்த இண்டெக்ஸ் பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டது 2017ல. நல்லா நடத்தின சில ஃபண்டுங்க அதுக்கு முன்னாடியே மீண்டு வந்துச்சு, உண்மைதான். எந்த ஃபண்ட் அப்படி மீளும்னு 2008ல யாருக்கும் தெரியாது.

அந்த மாதிரி வருஷத்துல என் மேசைக்கு வந்த முகங்களை எனக்கு மறக்க முடியலைங்க. பவானிப் பக்கம் ஜமக்காள வியாபாரி ஒருத்தர் 2016ல இருந்து மாசாமாசம் ஸ்மால் கேப்புல போட்டுக்கிட்டிருந்தார். 2018ல இறக்கம், 2019லயும் இறக்கம், 2020 மார்ச்சுல முதலே பாதிக்குக் கிட்ட போயிருச்சு. அவர் நிறுத்தல. ஏன்னா அந்தப் பணம் அவருக்கு அறுபது வயசுக்கு மேல வேணுங்கிற பணம், கடைக்கு வேணுங்கிறது தனியா பேங்க்ல இருந்துச்சு. 2020ல 32 சதவீதம், 2021ல 63 சதவீதம் இண்டெக்ஸ் ஏறினப்போ அந்த ரெண்டு மூணு வருஷம் மலிவா வாங்கின யூனிட்டெல்லாம் சேர்ந்து வேலை செஞ்சுது. அவரோடவே தொடங்கின இன்னொரு குடும்பம், ரெண்டு பேரும் வாத்தியார்ங்க. பையன் காலேஜ் ஃபீஸ் 2020 ஜூன்ல கட்ட வேண்டியிருந்துச்சு. நஷ்டத்துல எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒரே ஃபண்ட், கிட்டத்தட்ட ஒரே தேதி. வாத்தியார் வீட்டுல அறிவு குறைச்சல் இல்ல, தைரியமும் குறைச்சல் இல்ல. பணம் வேணுங்கிற நாள் அவங்களை நெருக்கிருச்சு.

நீங்க சீட்டுல இருந்தவங்க, உங்களுக்கு இது எளிதாப் புரியும். அவசரக்காரங்க தள்ளி எடுப்பாங்க. கடைசி வரைக்கும் பொறுக்க முடிஞ்சவங்களுக்குத்தான் அந்தக் கழிவு வந்து சேரும். ஸ்மால் கேப்புல கிடைக்கிற கூடுதல் லாபமும் அப்படி, பொறுக்க முடியாதவங்க விட்டுட்டுப் போறதுல இருந்து வர்றதுதான் பெரும்பங்கு.

அதனால உங்க 4 லட்சத்தை நான் பிரிச்சா இப்படிப் பிரிப்பேன். காலேஜுக்கு 2 லட்சம், பேங்க் எஃப்டி, நாலு வருஷம். மாசம் 35,000 செலவுக்கு ஒன்றரை லட்சம் நாலு மாசம்தான் தாங்கும், அதோட 60,000 சேர்த்து ஆறு மாசமாக்குங்க. மிச்சம் 1,40,000. அதுல 80,000 ஏற்கனவே போற ஃப்ளெக்ஸி கேப்புக்கோ ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கோ (இண்டெக்ஸ்ல இருக்கிற கம்பெனிங்களை அப்படியே வாங்கறது). 60,000 மட்டும் ஸ்மால் கேப், அதுவும் ஏழெட்டு வருஷம் தொட மாட்டோம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கிட்டா.

அந்த 60,000ஐ லிக்விட் ஃபண்ட்ல (குறுகிய காலக் கடன் பத்திரங்கள்ல போடற, ஏற்ற இறக்கம் குறைஞ்ச ஃபண்ட்) வெச்சு, அங்கிருந்து மாசம் 1,500 வீதம் 20 மாசம் ஸ்மால் கேப்புக்குத் தானா மாறுற மாதிரி எஸ்டிபி ஓட்டுங்க. அது 30,000. இன்னொரு 30,000 அங்கேயே இருக்கட்டும். ஸ்மால்கேப் 250 இண்டெக்ஸ் அதோட உச்சத்துல இருந்து 25 சதவீதம் இறங்கினா 10,000, 35 இறங்கினா இன்னொரு 10,000, 45 இறங்கினா கடைசி 10,000. இதை இப்பவே ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. விழற அன்னைக்கு டிவியைப் பார்த்துக்கிட்டு முடிவு எடுக்க யாராலயும் முடியாது, எனக்கும் முடியாது. எதுவுமே இறங்கலைன்னா ரெண்டு வருஷம் கழிச்சு அந்த 30,000ஐயும் மாசாமாசம் உள்ளே விட்டுருங்க.

கரூர்க்காரன்

ஈரோட்டு அக்கா ஃபண்டைப் பத்தி விரிவாச் சொல்லிட்டாங்க. நான் வீட்டுக்காரர் கேட்ட நேரடி ஷேர் பத்தி மட்டும் எழுதறேன் சகோதரி. கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதியில கணக்கு பார்க்கிறவன். பதினஞ்சு வருஷமா சின்ன கம்பெனி பேலன்ஸ் ஷீட் படிக்கிறதுதான் எனக்கு ராத்திரி வேலை.

உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச விஷயம் மதிப்புள்ளது. ஆர்டர் வருதுங்கிறது வெளியில இருக்கிறவனுக்குத் தெரியாது. ஆனா ஆர்டர் வேற, காசு வேற. ஆர்டர் குவியும்போது சின்ன கம்பெனியோட பணமெல்லாம் சரக்குலயும் வர வேண்டிய பாக்கியிலயும் போய் முடங்கும். லாபக் கணக்குல லாபம் தெரியும், பேங்க்ல காசு இருக்காது. கடன் வாங்கிச் சம்பளம் போடுவாங்க. அதனால அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையை எடுத்து, தொழில்ல இருந்து கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவுன்னு அஞ்சு வருஷத்துக்குக் கூட்டுங்க. அதே அஞ்சு வருஷ நிகர லாபத்தையும் கூட்டுங்க. ரொக்கம் லாபத்துல பாதிக்கும் கீழ இருந்தா நான் அந்த ஷேரைத் தொட மாட்டேன். அடுத்தது புரமோட்டர் (கம்பெனியை நடத்தற முதலாளி) தன் பங்கை அடகு வெச்சிருக்காரான்னு பாருங்க, எக்ஸ்சேஞ்ச் தளத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். அடகு இருந்து விலை இறங்கினா, கடன் குடுத்தவன் வித்துருவான், அது இன்னும் இறக்கும்.

ஒரே வாடிக்கையாளர், ஒரே நாடு, இதையும் கேட்டுப் பாருங்க. எங்க ஊர்ல இப்போ அதுதான் பேச்சு. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுது. கரூர்லயும் திருப்பூர்லயும் அமெரிக்காவை மட்டும் நம்பி இருந்த யூனிட்டுங்க ஒரு மாசத்துல நிலைகுலைஞ்சு போச்சு. ஜூலையில அந்தக் கம்பெனிகளோட ஆர்டர் புக்கைப் பார்த்திருந்தா அருமையா இருந்திருக்கும். பெரிய கம்பெனிக்கு பத்து நாடு, பத்துத் தொழில் இருக்கும், ஒண்ணு சாய்ஞ்சா இன்னொண்ணு தாங்கும். சின்னதுக்கு அந்த வசதி கிடையாது.

அதோட உங்க வீட்டுக்காரர் சம்பளம் வர்றதும் அந்த வார்ப்புத் தொழில்தான். அவர் கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சா சப்ளை பண்ற கம்பெனிக்கும் குறையும். வேலையில நெருக்கடி வர்ற அதே மாசத்துல ஷேரும் விழும். என் பயம் முக்கியமா இதுதான். ஒரு லட்சம் வேண்டவே வேண்டாம். ஆசையா இருந்தா பத்தாயிரத்துக்கு வாங்கி, காலாண்டு முடிவை அவர் படிச்சுப் பழகட்டும், அந்தக் கண்ணு வந்துச்சுன்னா பின்னால உதவும்.

எஸ்எம்இ ஐபிஓ (ரொம்பச் சின்ன கம்பெனிங்க முதல் தடவையா ஷேர் விக்கிறது) பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. 2024 ஆகஸ்ட்ல டெல்லியில ரெண்டு ஷோரூமும் எட்டு ஊழியரும் வெச்சிருந்த ஒரு பைக் டீலர் 12 கோடிக்கு ஐபிஓ கொண்டுவந்தார். 4,800 கோடிக்கு ஜனம் விண்ணப்பிச்சுது. அந்த மாதிரி ஷேர்ல இறங்கும்போது லோயர் சர்க்யூட் (ஒரு நாள்ல விலை இறங்கலாம்ங்கிற எல்லை) தொட்டா வாங்க ஆளே இருக்காது. விக்கணும்னு நாள்கணக்கா ஆர்டர் போட்டுக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு, ஸ்மால் கேப்னாலே பெட்டிக்கடைன்னு நினைக்க வேண்டாம். 2017ல செபி போட்ட விதிப்படி, சந்தை மதிப்புல முதல் 100 கம்பெனி லார்ஜ், 101ல இருந்து 250 வரை மிட், 251ல இருந்து எல்லாமே ஸ்மால். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிங்களோட சங்கமான ஆம்ஃபி பட்டியல் வெளியிடறாங்க. 2017 கடைசியில ஸ்மாலுக்கான எல்லை ரொம்பக் கீழ இருந்துச்சு. 2025 ஜூலைப் பட்டியல்ல 30,000 கோடி மதிப்புள்ள கம்பெனிகூட ஸ்மால்தான். 1916ல தொடங்கின எங்க கரூர் வைஸ்யா பேங்க்கும், 1904ல கும்பகோணத்துல தொடங்கின சிட்டி யூனியன் பேங்க்கும் அந்தப் பட்டியல்ல ஸ்மால் கேப்தான். ஃபண்ட் 65 சதவீதம் இந்தப் பகுதியில இருந்தாப் போதும், மீதியை மேனேஜர் பெரிய கம்பெனியிலயோ ரொக்கமாவோ வெச்சுக்கலாம். அதனால ஒரு ஃபண்டுக்கும் இன்னொரு ஃபண்டுக்கும் உள்ளே இருக்கிறது ரொம்ப வித்தியாசப்படும். பேரை மட்டும் பார்க்காம உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

பிஇ_பார்வை

ஈரோட்டு மேடம் சொன்ன 2021 கணக்கு மாற்றம் நியாயமான குறை, ஒத்துக்கறேன். ஆனாலும் மூணு வருஷம் சேர்ந்தாப்ல பெரிய ஏற்றம் வந்த பிறகு மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல போடறதை எந்தக் கணக்காலயும் நியாயப்படுத்த முடியாது. அந்த அளவுக்காவது விலையைப் பார்க்கணும்.

ஈரோட்டு_ஃபோலியோ

அதுல நமக்குள்ள சண்டையே இல்லீங்க சார். 2020ல இருந்து 2024 வரைக்கும் ஒரு வருஷம் தவிர எல்லா வருஷமும் ஏறியிருக்கு, அதனாலதான் 60,000ஐக் கூட ஒரே நாள்ல போடச் சொல்லல.

ஓசூர்_லேப்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அவரும் நானும் உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சோம். கரூர் அண்ணா சொன்ன சம்பளமும் ஷேரும் ஒண்ணா விழும்ங்கிறது அவருக்கு உடனே உறைச்சிருச்சு, ஒரு லட்சம் பேச்சை விட்டுட்டார். காலேஜ் பணம் எஃப்டியில போடறதுன்னு முடிவாயிருச்சு. கொழுந்தனார்கிட்ட அந்த 2015-2020 கணக்கைச் சொன்னேன், அவரும் போய்ப் பார்த்துட்டு ஆமா அண்ணின்னார்.

ஈரோட்டு அக்காகிட்ட இன்னும் மூணு கேள்வி. ஸ்மால் கேப்புல எந்த ஃபண்ட்னு எப்படித் தேர்ந்தெடுக்கிறது, இல்ல இண்டெக்ஸ் ஃபண்டே போதுமா? அவசரம் வந்து நடுவுல எடுத்தா வரி எப்படி? எஸ்டிபிக்கு எந்தத் தேதி நல்லது?

ஈரோட்டு_ஃபோலியோ

ஃபண்ட் பேர் நான் இங்க எழுதமாட்டேங்க, என் தொழிலை வெச்சுப் பார்த்தா அது சரியாவும் இருக்காது. பார்க்க வேண்டியதைச் சொல்றேன். 2018, 2019 ரெண்டு வருஷமும் அந்த ஃபண்ட் எவ்வளவு விழுந்துச்சு, இண்டெக்ஸ் எவ்வளவு விழுந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வைங்க. பிஎஸ்இ ஸ்மால்கேப் அந்த ரெண்டு வருஷத்துல 24, 7 சதவீதம் இறங்குச்சு. அதை விடக் குறைவா விழுந்து, 2021ல ஓரளவு கூடவே ஏறியிருந்தா மேனேஜர் பொறுப்பா நடத்தியிருக்கார்னு அர்த்தம். அதே மேனேஜர் இன்னும் இருக்காரான்னும் கேளுங்க.

அடுத்தது ஸ்ட்ரெஸ் டெஸ்ட். 2024 மார்ச்சுல இருந்து ஒவ்வொரு ஸ்மால் கேப் ஃபண்டும் தன்கிட்ட இருக்கிற பங்குல பாதியை விக்க எத்தனை நாள் ஆகும்னு மாசாமாசம் வெளியிடணும். முதல் தடவை வெளியிட்டப்போ எஸ்பிஐ ஸ்மால் கேப்புக்கு 60 நாள், நிப்பானுக்கு 27 நாள்னு வந்துச்சு. 60 நாள்னாலே மோசம்னு இல்லீங்க, உண்மையாவே சின்ன கம்பெனிங்களை அதிகமா வெச்சிருந்தா அப்படித்தான் வரும். ஆனா ஜனமெல்லாம் ஒரே நேரத்துல எடுக்க வந்தா எந்த அளவுக்கு நெருக்கும்னு அதுல தெரியும். ஒரு ஃபண்டோட எண் மாசாமாசம் ஏறிக்கிட்டே போனா கவனிங்க.

இண்டெக்ஸ் ஃபண்ட் எடுத்தாலும் தப்பில்ல, செலவு குறைவு, மேனேஜர் மாறுவாரோன்னு கவலை இல்ல. ஆனா 250 கம்பெனியையும், கடன்ல மூழ்கினதையும் சேர்த்துத்தான் வாங்கும். பெரிய கம்பெனிக்கு நான் இண்டெக்ஸ்னு கண்ணை மூடிச் சொல்வேன், ஸ்மால் கேப்புக்கு மேனேஜர் கழிச்சுக் கட்டறதுக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு என் எண்ணம். நாளுக்கு ரெண்டு மணி நேரம் இதுக்குச் செலவு பண்ண உங்களுக்கு நேரம் இருக்காது, அதனால இண்டெக்ஸையே எடுத்தீங்கன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வரி: ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா லாபத்துல 20 சதவீதம். ஒரு வருஷம் தாண்டினா, அந்த நிதியாண்டுல உங்க எல்லாப் பங்கு லாபமும் சேர்த்து 1.25 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5 சதவீதம். எஸ்டிபியில போற ஒவ்வொரு 1,500க்கும் தனித்தனியா அந்த ஒரு வருஷம் எண்ணணும், இதைப் பலபேர் கவனிக்கறதில்ல. பெரும்பாலான ஃபண்ட்ல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1 சதவீதம் எக்சிட் லோடும் (வெளியேறும் கட்டணம்) பிடிப்பாங்க. லிக்விட் ஃபண்ட்ல இருந்து மாறுற ஒவ்வொரு தடவையும் அங்க ஒரு சின்ன லாபம் வரும், அது உங்க வருமானத்தோட சேரும். உங்க தொகைக்குச் சில்லறைக் காசுதான், ஆனா வருமான வரிக் கணக்குல காட்டணும். லிக்விட் ஃபண்டும் ஸ்மால் கேப்பும் ஒரே ஃபண்ட் கம்பெனியில இருந்தாத்தான் எஸ்டிபி ஓடும், அதனால முதல்ல ஸ்மால் கேப் ஃபண்டை முடிவு பண்ணிட்டு அந்தக் கம்பெனியோட லிக்விட் ஃபண்டைத் திறங்க.

தேதியில ஒண்ணும் இல்லீங்க, எந்தத் தேதியா இருந்தாலும் பத்து வருஷத்துல வித்தியாசம் தெரியாது. ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு) திறக்கும்போது வீட்டுக்காரரை நாமினியாப் போட மறந்துடாதீங்க, ரெண்டு பேர் செல்போன் நம்பரும் மெயிலும் சரியா இருக்கட்டும். 20 மாசம் முடிஞ்சதும் எஸ்டிபி தானா நின்னுரும், மிச்ச 30,000 அங்கயே கிடக்கும்.